ஷெட்டுல நின்ன ஜெர்மன் டீசலும் ரோட்டுல ஓடின ஜெர்மன் டீசலும்

எங்க ஊர்ப் பக்கம் பழைய கார் விக்கிறவுக முதல்ல சொல்றது இதுதான், "கிலோமீட்டர் ரொம்ப கம்மிண்ணே, செட்டியார் வீட்டு வண்டி, ஷெட்டுலயே நின்னது". காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு எங்க போனாலும் இதைக் கேக்கலாம். பெரும்பாலும் உண்மையாவும் இருக்கும். வீட்டுக்காரவுக சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ கோலாலம்பூர்லயோ இருப்பாக, கல்யாணம், சாந்தி, படைப்பு, பிள்ளையார் நோன்புன்னு ஊருக்கு வர்றப்ப ஓட்டுறதுக்குன்னு ஒரு நல்ல வண்டி வாங்கி விட்டிருப்பாக, மத்த நாள் எல்லாம் அது வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல துணி போத்திக்கிட்டு நிக்கும். 12 வருஷ வண்டி, மீட்டர்ல 28 ஆயிரம். பெயின்ட் பளபளன்னு இருக்கும், சீட்ல பிளாஸ்டிக் கவர் கூட கிழிக்காம இருக்கும், பாக்கறவங்க மயங்கிடுவாங்க.

என்கிட்ட யார் கேட்டாலும் அந்த வண்டியைப் பாத்து பயப்படுங்கன்னுதான் சொல்றேன். பெட்ரோல் வண்டின்னா கூட கொஞ்சம் யோசிக்கலாம், ஜெர்மன் டீசல் ஓடணும், ஓடினாத்தான் அது நல்லா இருக்கும்.

நின்னா என்ன ஆகும்னு கேப்பாங்க. டேங்க் பாதி காலியா இருந்தா மிச்சப் பாதியில காத்துதான் இருக்கு, பகல்ல நம்ம ஊர் வெயில், ராத்திரி கொஞ்சம் குளிர், அந்தக் காத்துல இருக்கிற ஈரம் தண்ணியா இறங்கி டேங்க் அடியில தங்கிடும், தண்ணியும் டீசலும் சேர்ற இடத்துல கிருமி வளந்து பாசி மாதிரி வழவழன்னு ஒண்ணு உருவாகும். முதல்ல ஃபில்டர் அடைக்கும். அதையும் தாண்டி தண்ணி போச்சுன்னா ஹை பிரஷர் பம்ப். அந்த பம்ப்புக்கு தனியா ஆயில் கிடையாது, அதுக்குள்ள போற டீசல்தான் அதுக்கு எண்ணெய், டீசல்ல தண்ணி கலந்தா துரு பிடிக்கும், துரு பிடிச்சா பொடி உதிரும், அந்தப் பொடி நேரா, எஞ்சினுக்குள்ள டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டருக்குப் போகும். காமன் ரயில் எஞ்சின்ல, அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில டீசலை அழுத்தி வச்சு அனுப்பற எஞ்சின்ல, அந்த ரயில்ங்கற குழாய்க்குள்ள இருக்கிற அழுத்தம் 1,600 பார் பக்கம் வரும், கார் டயருக்கு நாம அடிக்கறது 2.2 பார் பக்கம்தாங்கறதோட சேத்து யோசிச்சுப் பாருங்க. அவ்வளவு அழுத்தத்துல வேலை செய்யற பொருளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத துகள் போனாலும் சேதம்தான். பம்ப், ரயில், இன்ஜெக்டர், டேங்க் கிளீனிங் எல்லாம் சேத்துப் பாத்தா வண்டி வாங்கின விலைக்குப் பக்கத்துல வந்து நிக்கும்.

அப்புறம் டைமிங் பெல்ட், பிஸ்டனும் வால்வும் நேரம் தப்பாம ஓடறது அதாலதான். அது ரப்பர், கிலோமீட்டர் ஓடலைன்னாலும் வருஷம் ஓடிக்கிட்டுத்தான இருக்கு. 12 வருஷமா மாத்தாத பெல்ட்டோட 28 ஆயிரம் ஓடின வண்டியை நீங்க சந்தோஷமா எடுத்துட்டு புதுக்கோட்டை தாண்டறப்ப அது அறுந்தா பிஸ்டன் போய் வால்வுல இடிக்கும், ஹெட்டை இறக்கணும். டர்போவுக்குள்ள இருக்கிற வேன்ங்கற சின்னத் தகடுகள் அசையாம இருந்து இறுகிடும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், டயர் ஒரே பக்கமா அமுங்கி சப்பையாகும், எலி வயரைக் கடிக்கும். எலி விஷயத்தை சாதாரணமா நினைக்காதீங்க, பெரிய வீடு, பூட்டிக்கிடக்கிற வீடு, பக்கத்துல நெல்லு மூட்டை, எலிக்கு வேற என்ன வேணும். ஜெர்மன் வண்டியில ஒரு வயரிங் கிளை மாத்துற செலவு சின்னச் செலவு இல்லை.

போன கல்யாண சீசன்ல என் மச்சான் ரெண்டு ஃபோக்ஸ்வேகன் வென்டோவைக் காட்டி எதை எடுக்கட்டும்னு கேட்டான். ரெண்டுமே 1.6 டிடிஐ, அதாவது ஃபோக்ஸ்வேகனோட 1.6 லிட்டர் டர்போ டீசல். ஒண்ணு நான் மேல சொன்ன மாதிரி ஷெட்டு வண்டி. இன்னொண்ணு மருந்துக் கம்பெனி மேனேஜர் ஒருத்தர் திருச்சிக்கும் ராமநாதபுரத்துக்குமா ஓட்டின வண்டி, மீட்டர் 1,30,000 தாண்டிருச்சு, பம்பர்ல கீறல், ஓட்டுறவர் சீட் ஓரம் நைஞ்சிருக்கு. ஆனா அவர் ஒரு ஃபைல் கொடுத்தார், ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் தேதி வாரியா அடுக்கி, என்ன ஆயில் ஊத்தினாங்கங்கறது வரைக்கும், டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாத்தின பில்லோட. "இதைத்தாண்டா எடுக்கணும்"னேன். "மாப்ளே, ஒரு லட்சம் தாண்டின வண்டிய போய் எடுக்கச் சொல்றியே"ன்னு அவன் மூஞ்சி சுருங்கிருச்சு. வாதாடித்தான் எடுக்க வச்சேன். இப்ப அந்த வண்டியில குடும்பத்தோட பிள்ளையார்பட்டி, மதுரை, ராமேஸ்வரம்னு போயிட்டு வர்றான், பிக்கப் பத்தி அவனே நாலு பேர்கிட்ட சொல்றான், எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம்.

இப்ப எந்த எஞ்சின்னு பாப்போம்.

நம்ம பட்ஜெட்ல அதிகமா கிடைக்கறது ஃபோக்ஸ்வேகன் குரூப் வண்டிதான். ஸ்கோடா செக் நாட்டுக் கம்பெனின்னாலும் உள்ள இருக்கற எஞ்சின் ஃபோக்ஸ்வேகனோடது, அதனால ரேபிட், லாரா எல்லாத்தையும் இதுலயே சேத்துக்கறேன். 2010ல வந்த போலோவுல 1.2 டிடிஐ, மூணு சிலிண்டர், 75 குதிரைசக்தி, ஊருக்குள்ள ஓட்ட போதும், ஆனா சத்தமும் அதிர்வும் அதிகம், எனக்கு அது மேல ஆசை வந்ததே இல்லை. வென்டோ, ரேபிட்ல வந்த 1.6 டிடிஐ நாலு சிலிண்டர், 105 குதிரைசக்தி, 250 நியூட்டன் மீட்டர் டார்க். இதுதான் என் கணக்குல நம்ம ஊருக்கு ஏத்த எஞ்சின், திருமயம் ரோட்டுல அஞ்சாவது கியர்ல விட்டா அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டுப் போகும். இதுல பாக்க வேண்டியது இன்ஜெக்டரும் கிளட்ச்சும்தான். 2014லேர்ந்து வந்தது 1.5 டிடிஐ, அதுவும் நல்ல எஞ்சின், வயசும் கம்மி, 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்தப்ப போலோ, வென்டோ, ரேபிட்ல டீசலையே நிறுத்திட்டாங்க, அதனால இனிமே இந்த வண்டிகள் பழசாத்தான் கிடைக்கும். அதான் நல்லதா தேடி எடுங்கங்கறேன்.

லாரா, பழைய ஜெட்டாவுல வந்த 1.9 டிடிஐ பிடி எஞ்சின் தனி ரகம். அதுல காமன் ரயில் கிடையாது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி யூனிட் இன்ஜெக்டர், வால்வைத் திறக்கற கேம் ஷாஃப்டே அதை அமுக்கும். அதனால கேம் மேல விழற பாரம் ரொம்ப அதிகம், ஆயில் டப்பாவுல ஃபோக்ஸ்வேகன் தர நம்பர் 505.01ன்னு போட்டதோ 507.00ன்னு போட்டதோதான் ஊத்தணும். லாரிக்கு ஊத்தற ஆயிலை எவனாவது ஊத்தியிருந்தா கேம் லோப் தேஞ்சிருக்கும். முந்தின ஓனர் என்ன ஆயில் ஊத்தினார்னு பில் இல்லாம இந்த எஞ்சினை எடுக்கவே கூடாது, பில்லோட கிடைச்சா விடவும் கூடாது. அதுக்கப்புறம் வந்த 2.0 காமன் ரயில் ஜெட்டா ஓட்ட அருமை, செலவும் அதுக்கேத்த மாதிரி.

பிஎம்டபிள்யூ 320டி இப்ப ஒரு நல்ல பைக் ரெண்டு வாங்கற காசுக்குக் கூட கிடைக்குதேன்னு சின்னப் பசங்க கேக்கறாங்க. தம்பிகளா, 2007லேர்ந்து 2011 வரைக்கும் வந்த என்47 எஞ்சின்ல டைமிங் செயின் எஞ்சினோட பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கு. அந்த செயின் தேயற பிரச்சனை உலகம் பூரா தெரிஞ்சது. மாத்தணும்னா எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கணும், செயின் விலை ஒண்ணும் இல்லை, இறக்கி ஏத்தற கூலிதான். காலையில முதல் ஸ்டார்ட்ல பின்பக்கமா கரகரன்னு உரசற சத்தம் கேட்டா அந்த வண்டியை விட்டுட்டு வந்துடுங்க. மெர்சிடிஸ் சி220ல வர்ற ஓஎம்651லயும் செயின் பின்னாடிதான், முதல்ல வந்த வண்டிகள்ல டெல்ஃபி கம்பெனியோட பீசோ இன்ஜெக்டர் பிரச்சனை இருந்தது, மாத்தியாச்சான்னு பில்லைப் பாருங்க.

நம்ம பட்டறைக்காரவுகளுக்கு ஜெர்மன் டீசல் புதுசும் இல்லை. டெம்போ டிராக்ஸ்ல இருந்த எஞ்சின் மெர்சிடிஸோட ஓஎம்616 தான், இந்தப் பக்கம் எத்தனை ஷேர் வண்டி, ஸ்கூல் வண்டி அதுல ஓடிச்சு. பழைய மெக்கானிக் அண்ணன்மாரு "ஜெர்மன் டீசலுக்கு சாவே இல்லைடா"ன்னு சொல்றது அந்த எஞ்சினை வச்சுத்தான். அது நிஜம். அதுல கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, டர்போ இல்லை, எந்த ஆயிலை ஊத்தினாலும் தாங்கிச்சு. அந்த நம்பிக்கையை அப்படியே தூக்கி காமன் ரயில் வண்டி மேல வைக்கறதுலதான் வம்பு வருது. இது வேற ஜாதி எஞ்சின், இதுக்கு சுத்தமான டீசலும் சரியான ஆயிலும் நேரத்துக்கு வேணும்.

வண்டி பாக்கப் போறப்ப காலையில போங்க, நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீகன்னு முதல் நாளே சொல்லிடுங்க. போனதும் பானெட் மேல கையை வைங்க, சூடா இருந்தா அவுக எதையோ மறைக்கிறாக. நல்ல டீசல் ஒரு செல்ஃப்லயே பிடிச்சிடும், நம்ம ஊர் வெக்கைக்கு, குளிர்ல ஸ்டார்ட் ஆக சூடேத்தற க்ளோ பிளக் போயிருந்தாலும் ஸ்டார்ட் ஆகிடும், அதனால அதை ஸ்கேன்லதான் கண்டுபிடிக்கணும். புகையைப் பாருங்க. நீலமா வந்தா ஆயில் எரியுது, கறுப்பா வந்தா காத்து பத்தலை இல்ல டீசல் ஜாஸ்தி, வெள்ளையா விடாம வந்தா இன்ஜெக்டரோ கூலண்ட்டோ. ஓடிக்கிட்டு இருக்கறப்பவே ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து பாருங்க, புகை குபுகுபுன்னு வந்தா ரிங் தேஞ்சிருக்கு. நியூட்ரல்ல வச்சு கிளட்ச்சை அமுக்கி விட்டுப் பாருங்க, ஆஃப் பண்றப்ப டடடன்னு குலுங்குதான்னு கேளுங்க, குலுங்கினா எஞ்சின் அதிர்வைத் தாங்கற ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல் போயிட்டு இருக்கு, கிளட்ச்சோட சேத்து மாத்தணும், அந்தக் காசை விலையில கழிக்கச் சொல்லணும்.

மெக்கானிக்கை வச்சு இன்ஜெக்டர் லீக் ஆஃப் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, நாலு இன்ஜெக்டர்லேர்ந்தும் திரும்பி வர்ற டீசல் ஒரே அளவா இருக்கணும், ஒண்ணுல மட்டும் பாட்டில் சீக்கிரம் நிரம்பினா அந்த இன்ஜெக்டர் காலி. வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான ஃபால்ட்டைப் படிக்கிற ஸ்கேனர் போடாம வாங்கவே வாங்காதீங்க. ஃபோக்ஸ்வேகன் குரூப்புக்கு விசிடிஎஸ், பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஸென்ட்ரி இப்படி அந்தந்த வண்டிக்கு உள்ளது இருந்தா நல்லது, ஏன்னா அதுல பழைய ஃபால்ட் எந்தக் கிலோமீட்டர்ல வந்துச்சுன்னும் பதிவாகியிருக்கும். மீட்டர்ல 60 ஆயிரம்னு காட்டுது, 1,10,000ல ஒரு ஃபால்ட் பதிவாகியிருக்குன்னா வேற சாட்சி எதுக்கு. டயர் ஓரத்துல நாலு இலக்கம் இருக்கும், 2314ன்னா 2014ல 23வது வாரம் செஞ்ச டயர். 30 ஆயிரம்தான் ஓடிச்சுன்னு சொல்ற 2012 வண்டியில 2017 டயர் இருந்தா முதல் செட் எதுக்கு மாத்தினீகன்னு கேளுங்க. அதே 2012 டயரே இருந்தா புது டயர் நாலுக்கும் காசு எடுத்து வைங்க.

வெளியூர் வண்டி விஷயத்துல இன்னும் உஷாரா இருக்கணும். டெல்லியில 10 வருஷம் தாண்டின டீசல் வண்டி ஓட்டக் கூடாதுன்னு 2015ல பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு, அதுலேர்ந்து அங்க உள்ள ஆடி, பிஎம்டபிள்யூ எல்லாம் தெக்க வந்து இறங்க ஆரம்பிச்சுது. விலை ஆசையைக் கிளப்பும். ஆனா அந்த ஊர் ஆர்டிஓ ஆபீஸ் கொடுக்கற என்ஓசி, அதாவது ஃபார்ம் 28 வேணும், நம்ம ஊர்ல மறுபடி லைஃப் டாக்ஸ் கட்டணும், லோன் இருந்த வண்டின்னா பேங்க் கொடுத்த ஃபார்ம் 35 வேணும், 15 வருஷம் ஆகப் போற வண்டின்னா ஆர்சி புதுப்பிக்கற செலவும் இருக்கு. எல்லாத்தையும் கூட்டினா நம்ம டிஎன் 63 வண்டி விலைக்கே வந்துடும். இன்னொண்ணு வெள்ளத்துல முங்கின வண்டி, 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளம், 2018ல கேரளா, 2023ல மிக்ஜாம். கழுவித் துடைச்சு வெளியூருக்கு அனுப்பிடுவாங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடிப்பக்கம் சேத்துக் கறை தெரியும். சீட் தண்டவாளத்துல துரு, ஸ்டெப்னி குழியில வண்டல், ஏசி போட்டா புழுக்க வாடை, இதுல ஒண்ணு இருந்தாலும் கிளம்பி வந்துடுங்க. இந்த வண்டிகள்ல கம்ப்யூட்டர் பாக்ஸ் சில இடத்துல கார்ப்பெட்டுக்கு அடியிலயே இருக்கும், தண்ணி பட்ட எலக்ட்ரிக்கலை யாராலயும் முழுசா சரி பண்ண முடியாது.

வண்டி விலையில நாலுல ஒரு பங்கு காசைத் தனியா எடுத்து வச்சுட்டு வாங்குங்க. வாங்கின உடனே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூணும் ஒண்ணா, டீசல் ஃபில்டர், ஆயில், ஏர் ஃபில்டர், கூலண்ட் எல்லாத்தையும் மாத்திடுங்க, பில் காட்டினா ஒழிய. ஆயிலை சர்வீஸ் புக்குல 15 ஆயிரத்துக்கு ஒருக்கான்னு போட்டிருந்தாலும் நான் 10 ஆயிரத்துலயே மாத்தச் சொல்லுவேன், நம்ம வெயிலும் செம்மண் புழுதியும் அப்படி. ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாத்தா சிவப்பா கொட்டும், ஆத்தங்குடிப் பக்கம் மண் ரோட்டுல போய் வர்றவங்க அதை இன்னும் சீக்கிரம் பாக்கணும்.

கூலண்ட் பத்தி கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். தண்ணி கொறைஞ்சா குடத்துல பிடிச்சு ஊத்தற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. காரைக்குடி சம்பை ஊத்துத் தண்ணி குடிக்க அமிர்தம்தான், ஆனா ரேடியேட்டருக்கு அதுவும் வேண்டாம், போர் தண்ணி வேண்டவே வேண்டாம், உப்பு படிஞ்சு குழாய் அடைக்கும். ஃபோக்ஸ்வேகன் வண்டிக்கு உள்ள ஜி12ஓ ஜி13ஓ, அந்தக் கூலண்ட்டை டிஸ்டில்ட் வாட்டரோட கலந்து ஊத்துங்க. பச்சைக் கூலண்ட்டை இதுல கலந்தா உள்ள கசடா இறுகிடும். ஃபோக்ஸ்வேகன்ல டெம்பரேச்சர் முள் 90லயே ஆடாம நிக்கும், உள்ள சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் அது 90தான் காட்டும், அப்படித்தான் அமைச்சிருக்காங்க. அதனால முள்ளை நம்பாம வாரத்துக்கு ஒருக்கா டேங்க்ல கூலண்ட் அளவைக் கண்ணால பாருங்க.

ஆட்டோமேட்டிக் வேணும்னா டிஎஸ்ஜிங்கற ஃபோக்ஸ்வேகனோட ரெட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ்ல ரெண்டு வகை. ஜெட்டா, லாராவுல வர்ற ஆறு கியர் டிக்யூ250 ஆயில்ல முங்கின கிளட்ச், 60 ஆயிரத்துக்கு ஒருக்கா ஆயிலும் ஃபில்டரும் மாத்தினா நல்லா உழைக்கும். வென்டோ டீசல்ல வர்ற ஏழு கியர் டிக்யூ200 உலர்ந்த கிளட்ச், காரைக்குடி பெரியார் சிலைப் பக்கம் டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போனா சூடாகும், கியரை மாத்தற கம்ப்யூட்டர் யூனிட்டான மெகட்ரானிக் போனா செலவு பெருசு. பழைய வண்டியில நான் மேனுவல்தான் எடுக்கச் சொல்லுவேன், இதுல எனக்கு ரெண்டாவது எண்ணமே இல்லை.

2015ல ஃபோக்ஸ்வேகன் சாஃப்ட்வேர் வச்சு புகை டெஸ்ட்ல ஏமாத்தின மோசடி வெளியானப்ப நம்ம நாட்டுலயும் ஈஏ189 எஞ்சின் போட்ட 3.23 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவிச்சாங்க. 1.2, 1.6 எல்லாம் அதுல வரும். நீங்க பாக்கற வண்டிக்கு அந்த ரீகால்ல கொடுத்த புது சாஃப்ட்வேர் போட்டாச்சான்னு சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டுக்கங்க. புகையில கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள்ள அனுப்பற இஜிஆர் வால்வு கரி பிடிக்கறது இந்த எல்லா வண்டிக்கும் பொது, அதை அடைச்சு மூடிடலாம்னு சொல்ற ஆளை நம்பாதீங்க, கழட்டிச் சுத்தம் பண்ணினா போதும். வாரத்துக்கு ஒருநாள் நல்ல ரோட்டுல அரை மணி நேரம் 2,500 ஆர்பிஎம் பக்கம் விட்டு ஓட்டினா கரி சேர்றது கொஞ்சம் குறையும். ஓட்டிட்டு வந்து நிறுத்தறப்ப ஒரு நிமிஷம் ஐடில்ல விட்டு ஆஃப் பண்ணுங்க, டர்போ ஆறட்டும்.

சர்வீஸுக்கு நான் மதுரையோ திருச்சியோதான் போறேன், ரெண்டும் 90 கிலோமீட்டர் பக்கம், அந்த ஓட்டமே வண்டிக்கு நல்லதுதான். கம்பெனி சர்வீஸ்ல முழு பார்ட்டையும் மாத்தணும்பாங்க, ஸ்கேனர் வச்சிருக்கிற நல்ல தனிப் பட்டறையில உள்ள ஒரு சின்ன சாமானை மாத்தி முடிச்சிடுவாங்க, அப்படி ஒருத்தரைக் கண்டுபிடிச்சு வச்சுக்கங்க. கண்ணாடி, கதவு, லைட் மாதிரி சாமானைப் பழசா வாங்க கோவை உக்கடமும் சென்னை புதுப்பேட்டையும் இருக்கு, இன்ஜெக்டரும் பெல்ட்டும் மட்டும் புதுசு இல்லாம வாங்காதீங்க.

கடைசியா, வெளிநாட்டுல இருந்துக்கிட்டு ஊர்ல வண்டியை விட்டிருக்கற அண்ணன்மாருக்கு. உங்க வண்டியும் நல்ல வண்டிதான், இப்பவே காப்பாத்தலாம். கிளம்பறப்ப டேங்க்கை ஃபுல் பண்ணிட்டுப் போங்க, காத்துக்கு இடம் இல்லாட்டி தண்ணி இறங்காது. டயர்ல காத்து நாலஞ்சு பிஎஸ்ஐ கூட வைங்க, ரொம்ப நாள் ஆகும்னா பேட்டரி மைனஸைக் கழட்டி வைக்கச் சொல்லுங்க. வீட்டைப் பாத்துக்கறவரு வாரா வாரம் ஷெட்டுலயே அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணுவார், பாசமாத்தான் செய்யறார், ஆனா ஆயில் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்றதுனால ஈரமும் கரியும் உள்ளயே தங்கிடுது, அதைப் பண்ண வேண்டாம்னு சொல்லிடுங்க. அதுக்குப் பதிலா 15 நாளைக்கு ஒருக்கா லைசென்ஸ் உள்ள ஒருத்தர் திருமயம் வரைக்கும் ஓட்டிப் போயிட்டு வரணும், அந்த டீசல் காசை மாசாமாசம் அவர் கைக்கு முன்கூட்டியே அனுப்பிடுங்க, வண்டி இன்சூரன்ஸ் தேதி முடியறதையும் நீங்களே அங்கேர்ந்து பாத்துக்கங்க, அவரால அது முடியாது.